பதிவிறக்கம் 412, படித்தவர் எத்தனை பேர்?

11 ஜூன் 2024, காலை
(கேட்டவர்: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஆராய்ச்சி மாணவர்)

அண்ணா, கணக்கீட்டுச் சிக்கலியலில் (ஒரு கணக்கைத் தீர்க்கக் கணினிக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று பார்க்கிற துறை) போன மாதம் ஒரு கட்டுரை எழுதி, ஆய்வுக் கட்டுரைகளை எல்லாருக்கும் திறந்துவைக்கிற ஆர்க்கைவ் தளத்தில் ஏற்றினேன். 31 பக்கம், இரண்டரை வருட உழைப்பு. வலையில் எவ்வளவு பேசப்படுகிறது என்று காட்டுகிற ஆல்ட்மெட்ரிக் வட்டத்துக்குள் 3 என்று இருக்கிறது. பக்கத்து ஆய்வகத்தில் இயந்திரக் கற்றல் செய்கிற நண்பனுக்கு 140. "இதையெல்லாம் யாராவது படிக்கிறாங்களா?" என்று கைடு கேட்டுவிட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. ட்வீட், லைக் சத்தத்தையெல்லாம் தள்ளிவிட்டுப் பதிவிறக்க எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டால் அதுதான் நேர்மையான கணக்கு என்பது என் கட்சி. சரிதானுங்களே?

11 ஜூன், இரவு

சரியில்லை தம்பி.

எனக்கும் அதே கட்சிதான் இருந்தது, என் சர்வர் லாகை நானே திறந்து பார்க்கிறவரைக்கும். 2016-ல் பூலியன் ஃபார்முலாக்களின் அளவுக்கு ஒரு கீழ் எல்லையை (இதைவிடச் சின்னதாக எழுதவே முடியாது என்பதை) நிரூபித்துவிட்டு, கல்லூரி சர்வரில் இருந்த என் பக்கத்தில் பீடிஎஃப்பைப் போட்டேன். எத்தனை முறை இறக்கினார்கள் என்று காட்ட ஒரு கவுண்ட்டரும் வைத்தேன். முதல் மாதம் முடிந்தபோது 412. வீட்டில் சொன்னேன். "நானூறு பேரா? உன் கல்யாணத்துக்கே அத்தனை பேர் வரலையே" என்றார் அம்மா. எனக்கும் பெருமை தாங்கவில்லை, ஒரு வாரம் அப்படியே திரிந்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாக் கோப்பை இறக்கி வரிவரியாகப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் ஐபி முகவரி, நேரம், கேட்ட கோப்பு, கேட்டவர் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறார் என்கிற விவரம் இருக்கும். 318 வரிகள் தேடுபொறிகள் அனுப்பும் பாட்கள், அதாவது தானாக ஓடுகிற நிரல்கள். கூகுள்பாட், பிங்பாட், அப்புறம் சீனத்து பைடுவின் ஸ்பைடர். இந்த ஸ்பைடர் அளவுக்கு என் கட்டுரையை விரும்பியவர் உலகத்தில் யாரும் இல்லை. விடிகாலை நாலு மணிக்குத் தவறாமல் வந்துபோயிருக்கிறது.

அடுத்து ஒரே ஐபியிலிருந்து 38 வரி, எல்லாவற்றிலும் 206 என்ற குறியீடு. முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் தராமல் ஒரு துண்டை மட்டும் தந்தேன் என்று சர்வர் சொல்வதுதான் 206. பிரவுசருக்குள் பீடிஎஃப் திறந்து பக்கம் புரட்டினால் இப்படித் துண்டு துண்டாக இறங்கும். ஆக அது 38 பேர் இல்லை, ஒரே ஆள். பிறகு 29 வரி வேறு யாருமில்லை, நானேதான். ஆபீஸ், வீடு, போன், "சரியாகத் திறக்குதா பார்ப்போம்" என்று மச்சான் வீட்டுக் கம்ப்யூட்டர். மிச்சம் 27 வரி. அதிலும் ஒரே முகவரி இரண்டு மூன்று தடவை. ஆட்களாக எண்ணினால் பன்னிரண்டைத் தாண்டாது.

அம்மாவிடம் இந்தத் திருத்தத்தை இன்றுவரை சொல்லவில்லை.

12 ஜூன்

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போனது. பதிவிறக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்கிறீர்களே, ஆர்க்கைவில் அந்த எண்ணை எங்கே பார்ப்பீர்கள்? 1991-ல் பால் கின்ஸ்பார்க் தொடங்கியதிலிருந்து அத்தனை கட்டுரைகள் அங்கே குவிந்துகிடக்கின்றன. மொத்தத் தளத்துக்கு மாதாமாதம் எவ்வளவு இறங்கியது என்று வெளியிடுகிறார்கள், ஆனால் தனித்தனிக் கட்டுரைக்குக் காட்டுவதில்லை. பாட்கள் உண்டு, கட்டுரையின் நகல் வேறு இடங்களிலும் கிடக்கும், எண்ணை வெளியே போட்டால் அதை ஏற்றிவிட ஒரு கூட்டம் கிளம்பும். கெட்டிக்காரத்தனமான முடிவு.

பதிப்பகங்களுக்குக் கவுண்ட்டர் என்றே பெயர் வைத்த ஒரு பொது விதிமுறை உண்டு. ஒரே ஆள் ஒரே கோப்பை 30 நொடிக்குள் இரண்டு தடவை அழுத்தினால் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும், பாட்களைக் கழிக்க வேண்டும். 31-வது நொடியில் அழுத்தினால் இரண்டு வாசகர். அவ்வளவுதான் கெடுபிடி.

14 ஜூன்

மாணவர் விடவில்லை. "பாட்களைக் கழித்துவிட்டால் நேர்மையான கணக்குத்தானே?" என்று மறுபடி கேட்டிருக்கிறார். அதற்கு ஒரு பழைய கதை.

2002 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் 9 பக்கக் கட்டுரை ஒன்றை 15 நிபுணர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். ஓர் எண் பகா எண்ணா என்பதை, அதிர்ஷ்டத்தை நம்பாமல், எந்த அனுமானத்தையும் சாராமல், பல்லுறுப்புக்கோவை நேரத்தில் (எண் நீண்டாலும் கணக்கிடும் நேரம் கட்டுக்குள் வளரும்படி) சொல்லிவிடலாம் என்பது கட்டுரை. கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக் முடித்திருந்தார்கள். திங்கட்கிழமை அமெரிக்கக் கணிதவியலாளர் கார்ல் பாமரன்ஸ் சரிபார்த்துவிட்டு அன்று மதியமே அவசரமாக ஒரு கருத்தரங்கு கூட்டுகிறார். செவ்வாய்க்கிழமை கட்டுரை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிடப்படுகிறது. வியாழக்கிழமை நியூயார்க் டைம்ஸில் செய்தி. முதல் 10 நாளில் அவர்கள் தளத்துக்கு 20 லட்சம் ஹிட், கட்டுரைக்கு 3 லட்சம் பதிவிறக்கம்.

அந்த 3 லட்சத்தில் நானும் உண்டு. அப்போது பொள்ளாச்சியில் பி.எஸ்சி. கணிதம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர், ஒரு மணி நேரத்துக்கு 25 ரூபாய். கோப்பு பாதியில் நின்றுபோகும், மறுபடி முதலிலிருந்து இறங்கும். மூன்றாவது முயற்சியில் வந்தது. பிரிண்ட் பக்கத்துக்கு 5 ரூபாய், ஆக 45 ரூபாய். அதை நண்பர்கள் ஆறு பேர் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது எண்ணுங்கள். கான்பூர் சர்வரில் நான் மூன்று. தாள் வைத்திருந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரில் கடைசிப் பக்கம் வரைக்கும் போனது ஒரே ஒருவன், அது நான் இல்லை. எனக்கு மூன்றாம் பக்கத்தில் மூச்சு நின்றுவிட்டது. முழுசாகப் புரிந்தது ஐந்து வருடம் கழித்து, அதே பிரிண்ட்டில். அந்த 2007 வாசிப்பு எந்த லாகிலும் ஏறவில்லை.

ஹிட் என்பது இன்னும் மோசம். பக்கத்தில் நாலு படம் இருந்தால் ஒருத்தர் வந்ததற்கே ஐந்து ஹிட் விழும்.

15 ஜூன்

நேற்றைய குறிப்பில் ஒரு பொய். வேண்டுமென்று சொன்னதில்லை. பரண் மேலிருந்த பெட்டியைத் திறந்து அந்தப் பிரிண்டைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்தின் மூலையில் பால்பாயிண்ட் பேனாவில் "24-8-2002, சனி" என்று எழுதி வைத்திருக்கிறேன். அதாவது அந்த 10 நாள் முடிந்தபிறகுதான் இறக்கியிருக்கிறேன். 3 லட்சத்தில் நான் இல்லை. 22 வருடமாக இருந்ததாக நினைத்துக்கொண்டும் சொல்லிக்கொண்டும் வந்திருக்கிறேன்.

19 ஜூன்

உங்கள் 3-க்கு வருவோம்.

2010-ல் நாலு பேர் சேர்ந்து ஆல்ட்மெட்ரிக்ஸ் என்ற சொல்லோடு ஓர் அறிக்கை விட்டார்கள். மேற்கோள் (மற்ற கட்டுரைகள் இதைச் சுட்டுவது) சேர வருடக்கணக்காகிறது, அதற்கு முன்பே வலையில் நடக்கும் பேச்சை அளக்கலாமே என்பது வாதம். அடுத்த வருடம் அதே பாணியில் பெயர் வைத்து நிறுவனமும் வந்தது, வண்ண வட்டமும் வந்தது. நடுவில் இருக்கிற எண் தலைகளை எண்ணியது இல்லை, எடை போட்டுக் கூட்டியது. செய்தித்தாளில் வந்தால் 8, வலைப்பதிவுக்கு 5, விக்கிபீடியாவுக்கு 3, ட்வீட்டெல்லாம் அதற்குக் கீழே.

ஆக உங்கள் 3 ஒரே ஒரு விக்கிபீடியா அடிக்குறிப்பாக இருக்கலாம். இல்லை, சில ட்வீட்டுகளின் கூட்டாக இருக்கலாம். வட்டத்தை அழுத்தினால் யார் யார் என்று தெரியும், பார்த்தீர்களா? ஆர்க்கைவில் புதிதாக வருவதையெல்லாம் தலைப்போடு தானாக வெளியிடுகிற கணக்குகள் எக்கச்சக்கம். உங்களைப் பற்றிப் பேசிய அத்தனை பேரும் பாட்களாகவே இருந்துவிடலாம். என் கதைதான்.

20 ஜூன்

பார்த்துவிட்டாராம். எல்லாமே தானியங்கிக் கணக்குகள்தானாம். ஒன்று மட்டும் மனிதர். அது அவருடைய தங்கை.

"மெண்டலியில் 4 வாசகர்கள் காட்டுதே, அது?" என்று கேட்கிறார். மெண்டலி என்பது கட்டுரைகளைச் சேமித்துவைக்கிற செயலி. அதன் எண்ணை வட்டத்துக்கு அருகில் காட்டுவார்கள், மதிப்பெண்ணில் சேர்க்க மாட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் இருப்பதிலேயே வாசிப்புக்குக் கொஞ்சம் கிட்ட வருவது அதுதான், ஒருத்தர் மெனக்கெட்டுத் தன் நூலகத்தில் சேமித்திருக்கிறார் இல்லையா. ஆனால் என் மெண்டலியில் 1,100 கட்டுரை இருக்கிறது. படித்தது எத்தனை என்று கேட்காதீர்கள்.

26 ஜூன்

இடையில் ஒரு சிரிப்பு. கல்லூரிப் பக்கத்துக்குப் பிறகு, ஊர்வாரியாக வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டுகிற ஒரு அனலிடிக்ஸ் கருவியை 2018-ல் போட்டேன். ஆந்திராவில் சித்தூரில் ஒரு புள்ளி. வாரம் தவறாமல். மகிழ்ச்சி தாங்கவில்லை, அந்தப் பக்கம் எந்தக் கல்லூரியில் கணினித் தியரி சொல்லித்தருகிறார்கள் என்று விசாரிக்கக்கூடச் செய்தேன். வேலூர், காட்பாடி வழியாக ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்றுகூட யோசனை.

கடைசியில் பார்த்தால் அது நம்ம சித்தூர். பாலக்காட்டுச் சித்தூர், அக்கா வீடு. வார இறுதியில் அங்கே போகும்போதெல்லாம் கட்டுரை பத்திரமாக இருக்கிறதா என்று போனில் திறந்து பார்ப்பேன். அந்தக் கருவி எப்படியோ பெயரை மாற்றிப்போட்டு என்னை 400 கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்க் குத்திவைத்திருக்கிறது. அந்த விசுவாசமான ஆந்திர வாசகர் நானேதான்.

2 ஜூலை

இந்த எண்ணிக்கைகளைச் செயற்கையாக ஏற்றிவிடுகிற வேலை பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். நான் வளர்ந்த வீட்டில் மூன்று கறவை மாடு. விடிகாலையில் சொசைட்டிக்குப் பால் கேனைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை. செக்ரட்டரி பால்மானியை உள்ளே விடுவார், அது மிதக்கிற கோட்டைப் பார்த்துக் கொழுப்பைக் குறித்துக்கொள்வார். தண்ணீர் கலந்தால் பால்மானி கீழே இறங்கிவிடும், மாட்டிக்கொள்வார்கள். அதனால் சிலர் தண்ணீரோடு கொஞ்சம் சர்க்கரையும் போடுவார்கள், பால்மானி மேலே ஏறிவிடும். அளவுகோலைப் பார்த்துக் காசு கொடுத்தால் ஆட்கள் அளவுகோலுக்குத்தான் தீனி போடுவார்கள். 1975-ல் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் பணக்கொள்கையை வைத்து இதைச் சொன்னார். எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே செய்துகாட்டிவிட்டார்கள்.

3 ஜூலை

திருத்தம். மீனாட்சிபுரத்துப் பக்கம் 20 வருடம் சொசைட்டியில் இருந்த பெரியவர் ஒருவர் நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டார். பால்மானி கொழுப்பை அளப்பதில்லை, அடர்த்தியைத்தான் அளக்கிறது. கொழுப்புக்கு வேறு சோதனை. பாலில் கந்தக அமிலம் ஊற்றி, கழுத்து நீண்ட கண்ணாடிக் குழாயில் வைத்துச் சுழற்றி, மேலே மிதக்கிற கொழுப்புப் பட்டையைக் கோடு பார்த்துப் படிப்பார்கள். சின்ன வயதில் சுழல்கிற அந்த மெஷினைப் பார்த்திருக்கிறேன், எதற்கென்று கேட்டதில்லை.

அவர் சொன்ன இன்னொன்றுதான் விஷயம். சர்க்கரையெல்லாம் அரைவேக்காட்டு வேலையாம். கைதேர்ந்தவர்கள் ஆடையை எடுத்துவிடுவார்கள். கொழுப்பு லேசானது, அது போனால் பால் கனமாகிப் பால்மானி ஏறும். அப்புறம் தண்ணீர் விட்டுப் பழைய கோட்டுக்கே இறக்கிவிடுவார்கள். வெண்ணெயும் கையில், அளவும் சரி. "ஒரு மீட்டரை வச்சு ஒருத்தனையும் பிடிக்க முடியாது தம்பி, ரெண்டு வேணும்" என்றார்.

ஆல்ட்மெட்ரிக், மேற்கோள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் போதுமா என்று யோசித்தேன். போதாது. இரண்டுமே பால்மானிதான். சுழல்கிற மெஷின் எது என்று பிறகு எழுதுகிறேன், எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

18 ஜூலை

ஆடி பிறந்தாச்சு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னையைப் பிடித்து ஆட்டுகிறது, நேற்று ராத்திரி மூன்று தடவை கரண்ட் போனது. கதைக்கு வருகிறேன்.

ஆர்க்கைவில் அன்றன்றைய கட்டுரைகளுக்குக் கடைசி நேரம் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி மதியம் 2 மணி. கோடையில் நமக்கு இரவு 11:30, குளிர்காலத்தில் 12:30. பட்டியல் அவர்களுக்கு இரவு 8 மணிக்கு வரும், கோடையில் நமக்கு விடிந்து 5:30. 2 மணி தாண்டிய மறு நொடியில் ஏற்றினால் மறுநாள் பட்டியலில் மேலே வரலாம். மேலே வந்தால் லாபம் உண்டா? உண்டு. வானியல் பிரிவில் 2008-ல் டீட்ரிக் என்பவர் பார்த்தார். அடுத்த வருடம் ஹக் என்பவரும் கின்ஸ்பார்க்கும் வானியலோடு இயற்பியல் பிரிவுகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். பட்டியலின் தலையில் வந்த கட்டுரைகளுக்கு வாசிப்பும் கூடுதல், பல வருடம் கழித்து மேற்கோளும் கூடுதல். நல்ல கட்டுரை எழுதியவர்களே முந்திக்கொண்டு ஏற்றுவதும் ஒரு காரணம், ஆனால் தற்செயலாகத் தலையில் வந்ததற்கும் பலன் இருந்தது.

நானும் செய்திருக்கிறேன். 2019-ல் ஒரு சின்னக் கட்டுரை. 11:25-க்கே எல்லாம் தயார். கையில் மவுஸ், சுவரில் கடிகாரம், பக்கத்தில் மனைவி "என்னங்க, தட்கல் டிக்கெட்டா?" என்கிறாள். 11:30 அடித்தது, அழுத்தினேன், கரண்ட் போனது. ஆடிக்காற்று. இன்வெர்ட்டர் மோடத்துக்குக் கிடையாது. 11:52-க்குத்தான் உள்ளே போனது. ஒரு நாள் கழித்து வந்த காலைப் பட்டியலில் ஆறாவது.

19 ஜூலை

"ஆறாவது இடத்தால் எவ்வளவு நஷ்டம்?" என்கிறார் மாணவர். சிக்கலியல் பிரிவின் தினப்பட்டியல் இயற்பியல் மாதிரி நீளம் கிடையாது. முழுசாகப் பார்ப்பவர்கள் எப்படியும் பார்ப்பார்கள், பார்க்காதவர்கள் முதலாவதையும் பார்க்க மாட்டார்கள். நஷ்டம் அந்த ராத்திரித் தூக்கம்தான்.

30 ஜூலை

மேற்கோள். இதைத் தள்ளிக்கொண்டே வந்தேன், புண் அது.

ஒரு கல்லூரியில் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தேன். எங்கள் துறையில் முக்கியமான வேலையெல்லாம் மாநாட்டில்தான் வருகிறது. ஸ்டாக் 1969-லிருந்து நடக்கிறது, நம் நாட்டு எஃப்எஸ்டிடிசிஎஸ் 1981-லிருந்து. குழு உறுப்பினர் ஒருவர் என் பட்டியலில் இரண்டு வரிகளைப் பேனாவால் அடித்துவிட்டு "கான்ஃபரன்ஸ்தானே, ஜர்னல் எங்கே?" என்றார். பெயர் வரிசையைப் பார்த்து "எதிலும் முதல் ஆசிரியர் நீங்கள் இல்லையே" என்றார். தியரியில் பெயரை அகரவரிசையில் போடுவோம், என் பெயர் கடைசிப் பக்கத்து எழுத்து என்று விளக்கினேன். தலையாட்டினார். மதிப்பெண் ஏறவில்லை.

சரி, மேற்கோளுக்கே வருவோம். என் 2016 கட்டுரைக்கு 9. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். ஐந்தில் "[3–17] பார்க்க" என்ற கும்பலில் நான் ஒருவன். ஒன்று நான் நிரூபித்ததற்கு நேர் எதிரானதை நான் நிரூபித்ததாகச் சொல்கிறது. ஒன்று நானே எழுதியது. மிச்சம் இரண்டு.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2003-ல் சிம்கினும் ராய்சௌத்ரியும் பிரபலமான ஓர் இயற்பியல் கட்டுரைக்கு வந்த 4,300 மேற்கோள்களை எடுத்து அச்சுப்பிழைகளை எண்ணினார்கள். பிழையான மேற்கோள் 196. ஆனால் வேறுவேறு பிழை 45 மட்டுமே. ஒரே தப்பான பக்க எண் 78 தடவை வந்திருக்கிறது. மூலத்தைப் பிரித்தவன் அதே தப்பைச் செய்ய மாட்டான், அடுத்தவன் நோட்டைப் பார்த்து எழுதுகிறவன்தான் செய்வான். மேற்கோள் காட்டுபவர்களில் மூலத்தைப் படிப்பவர்கள் சுமார் 20 சதவீதம் என்று முடித்தார்கள். பரீட்சை ஹாலில் காப்பியடித்தவர்களைப் பிடிக்க எங்கள் கணக்கு வாத்தியார் கையாண்ட அதே முறை.

என் 9-க்கு 2. அவர்கள் கணக்கோடு ஒத்துப்போகிறது என்று ஓர் அற்ப சந்தோஷம்.

9 ஆகஸ்ட்

அந்தச் சுழல்கிற மெஷின் பற்றி.

2015 நவம்பரில் தியரி அறிஞர் லாஸ்லோ பாபாய் சிகாகோவில் மேடையேறி, இரண்டு வரைபடங்கள் (ஊர் வரைபடம் இல்லை, புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த கிராஃப்) ஒரே அமைப்புடையவையா என்ற கேள்விக்குக் கிட்டத்தட்டப் பல்லுறுப்புக்கோவை நேரத்தில் விடை காணலாம் என்றார். தியரி உலகமே கொண்டாடியது. டிசம்பரில் கட்டுரை ஆர்க்கைவில் வந்தது. எத்தனை பேர் இறக்கியிருப்பார்கள், எத்தனை பேர் பகிர்ந்திருப்பார்கள்! நானும் இறக்கினேன், முன்னுரை படித்தேன், வகுப்பில் பெருமையாகப் பேசினேன். ஒரு வருடத்துக்கு மேல் போனது. ஹரால்ட் ஹெல்ஃப்காட் என்ற எண்கோட்பாட்டுக்காரர், பாரிஸில் பூர்பாக்கி கருத்தரங்கில் இதை விளக்கிப் பேச ஒப்புக்கொண்டிருந்ததால் வரிவரியாகப் படித்தார். நேரக் கணக்கில் ஒரு பிழை தட்டுப்பட்டது. 2017 ஜனவரி 4 அன்று பாபாய் தன் கூற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டார், 9-ம் தேதி வேறு வழியில் சரிசெய்து பழைய கூற்றையே மீட்டுவிட்டார்.

அத்தனை பதிவிறக்கமும் ஒரு பக்கம், அந்த ஒருத்தர் ஒரு பக்கம். பிழை கண்டுபிடித்து எழுதுகிறவர்தான் மெஷின் என்று தோன்றுகிறது.

10 ஆகஸ்ட்

நேற்று எழுதிவிட்டுத் தூங்கப்போனேன், தூக்கம் வரவில்லை. நான் சொன்னதற்கு எதிரான சாட்சியும் இருக்கிறது. 2010 ஆகஸ்டில் பி-யும் (வேகமாகத் தீர்க்க முடிகிற கணக்குகள்) என்பி-யும் (விடை கொடுத்தால் வேகமாகச் சரிபார்க்க முடிகிற கணக்குகள்) வேறு என்று 100 பக்கத்துக்கு மேல் ஒரு கையெழுத்துப்படி வெளிவந்தது. வலை முழுக்க அதே பேச்சு. ஆனால் அந்தக் கவனம் வெறும் கூச்சலாக இல்லை. டெரன்ஸ் தாவோ, நீல் இம்மர்மன் போன்ற நிபுணர்கள் உட்பட ஒரு கூட்டமே உட்கார்ந்து பகுதி பகுதியாகப் படித்தது. இரண்டு வாரத்துக்குள் வாதம் நிற்காது என்று தெளிவாகிவிட்டது. கவனம் வந்ததால்தான் படிப்பும் வந்தது. கவனத்தை முழுக்கக் கேலி செய்வது என் பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நம் மாதிரி ஆட்களின் கட்டுரைக்கு அந்தக் கூட்டம் வராது. உங்கள் துணைத்துறையில் இதைப் படிக்கக்கூடியவர்கள் உலகத்திலேயே 20, 30 பேர் இருப்பார்கள். பெயர் சொல்லியே எண்ணிவிடலாம். அவர்களுக்கு எண்ணிக்கைக் கருவி எதற்கு? நேராக மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடலாம். கூச்சமாக இருந்தால் கூச்சத்தோடு போடுங்கள்.

22 ஆகஸ்ட்

நம்ப மாட்டீர்கள். போன வாரம் முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல். நாலே வரி. "உங்கள் 2016 கட்டுரையில் துணைத்தேற்றம் 3.2, இரண்டாவது சமனின்மை, மாறிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நிற்கவில்லை. மாறிலியை 2-லிருந்து 4 ஆக்கினால் சரியாகிவிடும். பிரதான தேற்றத்துக்குப் பாதிப்பில்லை."

எட்டு வருடம். அந்தச் சமனின்மையை நான் மேடையில் ஏழெட்டுத் தடவை எழுதியிருக்கிறேன். பேருந்தில் படித்தேன், சித்தூர் தாண்டி ஸ்டாப்பைத் தவறவிட்டுக் கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன். வெட்கமாகவும் இருந்தது, யாரோ வீட்டுக்கு வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போன மாதிரியும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தேன்? லாகைத் திறந்தேன்! அவர் எப்போது இறக்கினார் என்று தேடினேன். இல்லை. கேட்டே விட்டேன். அவருடைய சீனியர் விட்டுப்போன பிரிண்ட்டாம், மேசை இழுப்பறையில் கிடந்ததாம். என் 412-லும் இல்லை, 9-லும் இல்லை.

கணினி அறிஞர் டொனால்ட் குனுத் தன் புத்தகத்தில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2008 வரை 2 டாலர் 56 சென்ட்டுக்குக் காசோலை அனுப்பிவந்தார். 256 சென்ட், பதினாறை அடிமானமாக வைத்து எழுதினால் 100, அதாவது முழு ஒரு டாலர். நான் அரைக் கிலோ நேந்திரங்காய் வறுவல் பார்சல் அனுப்பியிருக்கிறேன். கூரியர்க்காரர் "உள்ளே என்ன?" என்றார். "பரிசு" என்றேன். "மதிப்பு?" என்றார். 256 ரூபாய் என்று எழுதச் சொன்னேன்.

13 செப்டம்பர்

நாளை மறுநாள் திருவோணம். மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் பால் வண்டிகள் வரிசை, ஓணத்துக்கு முன்னால் சோதனை கடுமை. பெரியவரை நினைத்துக்கொண்டேன்.

மாணவர் எழுதியிருக்கிறார். மூன்று பேருக்கு மின்னஞ்சல் போட்டாராம், ஒருவர் பதில் போட்டிருக்கிறார். "நன்றி, பார்க்கிறேன்" என்று மட்டும். கைடிடம் அதைக் காட்டலாமா என்று கேட்கிறார். காட்டுங்கள்.

கூடவே இன்னொரு வரியும். "அண்ணா, மூணு மாசமா இதைப் பத்திப் பேசிட்டிருக்கோம், நீங்க என் கட்டுரையைப் படிச்சீங்களா?"

இல்லை. திறக்கவே இல்லை. 31 பக்கம் என்றதும் அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

16 செப்டம்பர்

ஓண லீவில் உட்கார்ந்தேன். முதலில் போனில் இறக்கினேன், எழுத்து பொடியாக இருந்தது. அப்புறம் மடிக்கணினியில். அப்புறம் மச்சான் கடையில் பிரிண்ட் எடுக்க மறுபடி ஒருதடவை. எங்கேயோ யாரோ மூன்று என்று எண்ணியிருப்பார்கள்.

பிரிண்ட்டின் மேல் சாம்பார் சிந்தியிருக்கிறது, மன்னிக்கவும். 6-ம் பக்கம் வரை தகராறில்லை. வரையறை 2.4 அழகாக இருக்கிறது, அதை எனக்கும் உபயோகப்படுத்தத் தோன்றுகிறது. 7-ம் பக்கத்தில் மேலிருந்து மூன்றாவது வரி, இருபுறமும் எதிர்பார்ப்பு மதிப்பு எடுக்கிறீர்களே, அங்கே எப்சிலான் திடீரென்று எப்சிலான் பாதியாகிவிடுகிறது. இரண்டு மணி நேரமாக அதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பாதி எங்கிருந்து வந்தது?